பெயர் ஒன்று, பதிப்பு இரண்டு

கல்லூரி மாணவர் ஒருவர் பாடநூல் ஒன்றை வாங்க வேண்டியிருக்கிறது. "இரண்டாம் பதிப்பையே வாங்குக, முதற் பதிப்பில் கணக்குகள் சில பிழையாக அச்சாகியுள்ளன" என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். மாணவரோ நூலின் பெயரை மட்டும் எழுதிக் கடைக்குப் பணம் அனுப்பி விடுகிறார். கடைக்காரர் தம் அலமாரியில் கைக்கு முதலில் அகப்பட்ட படியைக் கட்டி அனுப்புகிறார். வந்து சேர்ந்தது முதற் பதிப்பு. கடைக்காரர் மீது குற்றம் உண்டா? கேட்ட நூலைத்தானே அவர் அனுப்பினார்! மாணவருக்கு நட்டம் இல்லையா? வேண்டிய நூல் அவருக்குக் கிடைக்கவில்லையே! பெயர் ஒன்றாயும் பொருள் இரண்டாயும் இருக்கும் இடத்தில் எழுகின்ற சிக்கல் இது.

கணிப்பொறியின் மூளை எனத் தக்க செயலியை வாங்குவோருக்கும் இதே சிக்கல் நேர்கிறது. நூலிலாவது முதற் பக்கத்தைப் புரட்டினால் பதிப்பு தெரிந்துவிடும். செயலியிலோ அது ஐந்து எழுத்துக்களாலான ஒரு குறியீட்டில் மறைந்திருக்கிறது. இணைய அங்காடிகளில் பொருளைக் கண்ணால் காணாமலே வாங்கும் இந்நாளில், வேண்டிய பதிப்பை விடாது பெறுவது எங்ஙனம் என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில், செயலிக்குப் பதிப்பு எவ்வாறு ஏற்படுகிறது என்பதைக் காண்போம். செயலி என்பது சிறியதொரு சிலிக்கான் தகட்டின்மேல் அமைந்த கோடிக்கணக்கான நுண்ணிய மின்சாவிகளின் தொகுதி. டிரான்சிஸ்டர் எனப்படும் இச்சாவிகளை எவரும் ஒவ்வொன்றாகப் பொருத்துவதில்லை. அச்சகத்தில் தாளின்மேல் எழுத்துப் பதிவது போல, ஒளியின் துணையால் அவற்றைத் தகட்டின்மேல் பதிக்கின்றனர். அச்சகத்துப் பாளங்களின் இடத்தில் இங்கே இருப்பவை ஒளியைச் சில இடங்களில் மறைத்துச் சில இடங்களில் விடுகின்ற மறைப்புத் தகடுகள். ஒரு செயலிக்கு இத்தகைய தகடுகள் பல வேண்டும். அடித்தகடுகள் மின்சாவிகளை அமைக்கின்றன. மேற்றகடுகள் அச்சாவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் உலோகக் கம்பிகளை அமைக்கின்றன.

இவ்வளவு நுட்பமான வேலையில் பிழை நேராதிருக்குமா? நேரத்தான் செய்யும். நூலின் கடைசியில் "பிழை திருத்தம்" என்று ஒரு பட்டியல் சேர்ப்பது போலவே, செயலியைச் செய்யும் நிறுவனங்களும் தாம் கண்ட பிழைகளை வரிசைப்படுத்தி வெளியிடுகின்றன. பிழை சிறிதாயின் உலோகக் கம்பிகளின் போக்கை மட்டும் மாற்றுவர். பெரிதாயின் அடித்தகடுகளையே புதிதாகச் செய்வர். வெப்பத்தைக் குறைக்கவும், விளைச்சலைப் பெருக்கவும் இவ்வாறு மாற்றுவது உண்டு. அங்ஙனம் மாற்றிய ஒவ்வொரு பதிப்பையும் ஆங்கிலத்தில் "ஸ்டெப்பிங்" என்பர். அதற்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பெயராகும். முதற் பதிப்பு ஏ 0 என்றால், கம்பிகளை மட்டும் மாற்றியது ஏ 1 ஆகும். அடித்தகட்டை மாற்றியது பி 0 ஆகும். இது பொதுவான வழக்கு.

பதிப்பு வேறுபாடு அறிஞர்களுக்கு மட்டுமே உரிய கவலை என்று எண்ணிவிடலாகாது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர், இரட்டைப் பகாவெண்களைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். அவருடைய கணிப்பொறி தந்த விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தம் கணக்கையும், தாம் எழுதிய நிரலையும் ஐயுற்று ஐயுற்று ஆராய்ந்தபின், பிழை இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் செயலியிலேயே இருப்பதைக் கண்டார். 4195835 என்னும் எண்ணை 3145727 ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். பிழையுள்ள செயலியில் 1.33374 வந்தது. வகுத்தலுக்காகச் செயலியினுள்ளே வைத்திருந்த வாய்பாட்டில் 1066 இடங்கள் நிரம்பியிருக்க வேண்டும்; அவற்றுள் ஐந்து இடங்கள் விடுபட்டுப் போயிருந்தன. நூலில் ஐந்து எழுத்து விடுபட்டது போன்ற பிழைதான். ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில், கேட்டவர் அனைவருக்கும் செயலியை மாற்றித் தருவதாக இன்டெல் அறிவிக்க நேர்ந்தது. இதற்காக அந்நிறுவனம் 47 கோடியே 50 லட்சம் டாலரைத் தன் கணக்கில் செலவாக எழுதியது. பிழையுள்ள செயலிக்கும் பிழை நீங்கிய செயலிக்கும் பெயர் ஒன்றே என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்க.

நிறுவனங்கள் வேறுபாட்டை வெளிப்படையாகக் காட்டியதும் உண்டு. 1987ஆம் ஆண்டில் இன்டெல்லின் 386 செயலிகள் சிலவற்றில் 32 பிட் பெருக்கல் தவறுவது தெரியவந்தது. தேர்வில் வென்றவற்றின்மேல் கிரேக்க எழுத்தாகிய சிக்மாவை இருமுறை பொறித்தனர். தோற்றவற்றின்மேல் "16 பிட் மென்பொருளுக்கு மட்டும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டனர். ஏ.எம்.டி. நிறுவனம் 2007 நவம்பரில் வெளியிட்ட பீனம் செயலிகளின் பி 2 பதிப்பில் ஒரு பிழை இருந்தது. அதனைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு வேகத்தைக் குறைத்தது. 2008 மார்ச்சில் பிழை நீங்கிய பி 3 பதிப்பு வந்தபோது, 9600 என்பதற்கு மாறாக 9650 என்பது போல, எண்ணின் ஈற்றில் 50 வருமாறு பெயரையே மாற்றினர். இத்தகைய இடங்களில் வாங்குபவருக்குக் குழப்பம் இல்லை. பெயரைச் சொன்னாலே பதிப்பும் விளங்கிவிடும்.

பெயர் மாறாத இடத்தில்தான் தொல்லை தொடங்குகிறது. இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, இன்டெல்லின் கோர் 2 குவாட் கியூ 6600 என்னும் செயலி. நான்கு கருக்களைக் கொண்ட இது 2007 ஜனவரியில் வெளிவந்தது. ஆயிரம் ஆயிரமாக வாங்குவோருக்கு அப்போது ஒன்றின் விலை 851 டாலர். அவ்வாண்டு ஜூலையில் விலை 266 டாலராக இறங்கியது. எட்டாத கனியாக இருந்த நான்கு கருச் செயலி மாணவர்களின் சேமிப்புக்கும் எட்டுவதாயிற்று. அதே மாதத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. அதுவரை வந்த பி 3 பதிப்புக்குப் பதிலாக ஜி 0 என்னும் பதிப்பு வரலாயிற்று. பெயர் அதுவே, வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதுவும் அதுவே. பெட்டியின்மேல் இருந்த வணிக எண்ணும் மாறவில்லை.

ஆனால் உள்ளே வேறுபாடு இருந்தது. குளிர்விப்பான் எவ்வளவு வெப்பத்தை ஈர்க்க வல்லதாக இருக்க வேண்டும் என்பதற்கு நிறுவனம் ஓர் அளவு குறிக்கும். பி 3 பதிப்புக்கு அவ்வளவு 105 வாட். ஜி 0 பதிப்புக்கு 95 வாட். செயலியின் உலோக மூடி அடையலாகும் மிகுந்த வெப்பநிலை, முன்னதற்கு 62.2 டிகிரி, பின்னதற்கு 71 டிகிரி. அதாவது, புதிய பதிப்பு குறைந்த வெப்பத்தை வெளியிட்டது; மிகுந்த வெப்பத்தையும் தாங்கியது. குறித்த வேகத்துக்கு மேலும் செயலியை முடுக்கிப் பார்க்கும் ஆர்வலர்கள் ஜி 0 பதிப்பையே நாடினர். ஒரே விலை கொடுத்த இருவருள் ஒருவருக்குப் பழையதும் மற்றவருக்குப் புதியதும் வந்தன.

இரண்டையும் பிரித்தறியும் அடையாளம் எது? இன்டெல் நிறுவனம் ஒவ்வொரு செயலிக்கும் "எஸ்-ஸ்பெக்" என்னும் ஐந்தெழுத்துக் குறியீடு ஒன்றைத் தருகிறது. அது செயலியின் உலோக மூடியின்மேலும், பெட்டியின் மேலொட்டிய சீட்டிலும் காணப்படும். கியூ 6600 செயலியின் பி 3 பதிப்புக்கு அது எஸ்.எல்.9.யு.எம்.; ஜி 0 பதிப்புக்கு எஸ்.எல்.ஏ.சி.ஆர். இவ்வைந்தெழுத்தே மாணவர் தேடும் "இரண்டாம் பதிப்பு" என்னும் சொல்லுக்கு நிகரானது.

வெப்பம் சிறிது கூடினால் விசிறி சற்று இரைச்சலிடும். அவ்வளவுதானே என்று சிலர் கேட்கலாம். வேண்டிய வேலையே நடவாமற் போவதும் உண்டு. 2011 நவம்பரில் வெளியான கோர் ஐ7-3930கே என்னும் செயலியை எடுத்துக்கொள்வோம். ஒரே கணிப்பொறியினுள் பல மெய்நிகர் கணிப்பொறிகளை இயக்கி, அவற்றுள் ஒன்றுக்கு வலையட்டை போன்ற ஒரு கருவியை நேரே ஒப்படைக்கும் வசதி ஒன்று உண்டு. வி.டி.-டி என்பது அதன் பெயர். முதலில் வந்த சி 1 பதிப்பில் இவ்வசதியிற் பிழை இருந்தது. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த சி 2 பதிப்பில் அது நீங்கியது. முன்னதன் குறியீடு எஸ்.ஆர்.0.எச்.9, பின்னதன் குறியீடு எஸ்.ஆர்.0.கே.ஒய். இங்கும் செயலியின் பெயர் ஒன்றுதான். அவ்வசதிக்கென்றே பணம் சேர்த்து வாங்கியவருக்குச் சி 1 வந்து சேர்ந்தால், அவர் வாங்கிய நோக்கமே நிறைவேறாது.

இனி, அங்காடியின் பக்கம் செல்வோம். அங்காடிக்காரர் வேண்டுமென்றே பழையதைத் தள்ளிவிடுகிறார் என்று வாங்கியவர்கள் சினந்து சொல்வது உண்டு. சிலரிடம் அது உண்மையாகவும் இருக்கலாம். பெரும்பாலும் காரணம் வேறு. பெரிய கிடங்கில் சரக்கைப் பெயர் சொல்லித் தேடுவதில்லை. பட்டைக்குறியைக் கருவியால் படித்து எடுக்கின்றனர். இரு பதிப்புக்கும் வணிக எண் ஒன்றாக இருப்பின், கிடங்கின் பேரேட்டில் அவை ஒரே பொருள். சென்ற மாதம் வந்த பெட்டியும் இன்று வந்த பெட்டியும் ஒரே தட்டில் கிடக்கும். எடுப்பவர் கைக்கு எது அகப்படுகிறதோ அது புறப்பட்டுவிடும். பேரேடு எதனைப் பிரித்து எழுதவில்லையோ, அதனைக் கடையும் பிரித்து அனுப்ப இயலாது. ஆகவே, கடையின் பேரேடு செய்யாத பாகுபாட்டை நாமே செய்து, கடைக்காரர் அறியுமாறு சொல்லியாக வேண்டும்.

அதனைச் செய்யும் முறை இது. பணம் கட்டுவதற்கு முன்பே கடைக்கு எழுத வேண்டும். எழுதும்போது, "உங்களிடம் உள்ளது ஜி 0 தானே?" என்று கேட்பது பயன் தராது. "ஆம்" என்று விடை சொல்லுவது எளிது. அலமாரியைப் பாராமலே சொல்லிவிடலாம். "எனக்கு அனுப்பப் போகும் பெட்டியின் சீட்டில் எஸ் என்னும் எழுத்தில் தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடு யாது? அருள்கூர்ந்து படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். விடையை நாம் சொல்லிக் கொடுக்காதபோது, பெட்டியைப் பார்த்தவர் மட்டுமே சரியான விடையைத் தர முடியும். தேர்வில் வினாவுடன் விடையையும் எழுதிக் கொடுக்கும் ஆசிரியர் உண்டா?

பெருங்கிடங்கு உடைய அங்காடிகள் பலவற்றில் இவ்வாறு பெட்டியை எடுத்துப் பார்த்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை. அங்கே விற்பனையாளர், "எது வரும் என்று உறுதி கூற இயலாது" என்றால், அவர் உண்மை பேசுகிறார் என்று கொள்ள வேண்டும். பதிப்பு இன்றியமையாததாயின், பெட்டியைப் பார்த்துச் சொல்லக்கூடிய சிறு கடையை நாடுவதே தக்கது. கியூ 6600 விற்ற நாளில் சில கடைகள் ஜி 0 பதிப்பைத் தனியே பிரித்துப் பட்டியலிட்டே விற்றன. கடைக்காரர் குறியீட்டைப் படித்துச் சொன்னபின், அக்குறியீட்டை விலைப்பட்டியலிலோ கடிதத்திலோ எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். வாய்மொழி நாளடைவில் மறந்துபோகும். எழுத்து இருவருக்கும் பொதுவான சான்றாக நிற்கும்.

பெட்டி வந்து சேர்ந்ததும் ஆவல் மிகுதியால் முத்திரையைக் கிழித்துவிடுதல் கூடாது. முத்திரை உடையாத பெட்டியைத் திருப்பித் தருவது எளிது. உடைத்த பெட்டியைப் பற்றி வழக்காட வேண்டியிருக்கும். எனவே முதலில் வெளிச்சீட்டைப் படித்து, அதனைப் படமெடுத்து வைத்துக்கொள்க. குறியீடு ஒத்திருந்தாலன்றிப் பெட்டியைத் திறக்க வேண்டாம். பெட்டியின்றித் தனியே விற்கும் செயலியாயின், உலோக மூடியின்மேல் பொறித்துள்ள எழுத்தைப் படிக்க வேண்டும். அதனையும் குளிர்விப்பானைப் பொருத்துமுன் செய்துவிட வேண்டும். வெப்பப் பசை பூசியபின் எழுத்து மறைந்துவிடும். பழைய செயலிகளைப் பிறரிடமிருந்து வாங்குவோருக்கு இது மிகவும் தேவையான எச்சரிக்கை. பழம்பொருளுக்குப் பெட்டி இருப்பது அரிது. இருந்தாலும் அது அச்செயலிக்கே உரியதென்று கூற முடியாது.

பொருத்தி இயக்கியபின் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. "நீ யார்?" என்று வினவும் ஆணை ஒன்று செயலியிலேயே அமைந்திருக்கிறது. அதற்கு விடையாகச் செயலி தன் குடும்ப எண், மாதிரி எண், ஸ்டெப்பிங் எண் ஆகிய மூன்றையும் தெரிவிக்கும். லினக்ஸ், விண்டோஸ் ஆகிய இரு இயக்க முறைமைகளிலும் இவ்விடையைக் காண வழி உண்டு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜி 0 என்னும் பெயரைக் கண்டு, ஸ்டெப்பிங் எண் 0 என்று வரும் என எதிர்பார்த்தல் தவறு. கியூ 6600 செயலியில் பி 3 பதிப்பு 7 என்றும், ஜி 0 பதிப்பு 11 என்றும் விடை தரும். சிபியு-இசட் போன்ற கருவிகள் அவ்வெண்ணோடு பதிப்பின் பெயரையும் சேர்த்துக் காட்டுகின்றன.

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, புதிய பதிப்பே எப்போதும் உயர்ந்தது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. செயலி தனித்து வாழ்வதன்று. அது அமரும் தாய்ப்பலகை அதனை அறிந்திருக்க வேண்டும். 2018 அக்டோபரில் வெளியான கோர் ஐ9-9900கே செயலிக்கு, 2019இல் ஆர் 0 என்னும் புதிய பதிப்பு வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் வெளிப்பட்ட பாதுகாப்புக் குறைபாடுகள் சிலவற்றுக்கு அதில் வன்பொருளிலேயே காப்பு இருந்தது. ஆயினும் முன்பே வாங்கிய தாய்ப்பலகைகளில் அதனைப் பொருத்துவோர், பலகையின் பயாஸ் என்னும் அடிப்படை நிரலை முதலில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்க வகையற்றவருக்குப் பழைய பதிப்பே பயன்படும் பதிப்பு. ஆகவே, "எது புதியது?" என்பதைவிட, "என் வேலைக்கும் என் பலகைக்கும் எது பொருந்தும்?" என்பதே கேட்கத் தக்க கேள்வி.

எல்லாப் பிழைக்கும் புதிய பதிப்பைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. செயலியினுள்ளே மைக்ரோகோடு எனப்படும் நுண்நிரல் உண்டு. பிழைகள் பலவற்றை அதனைப் புதுப்பிப்பதாலேயே சரிசெய்யலாம், அல்லது பிழையுள்ள பகுதியை இயங்காமல் நிறுத்திவிடலாம். 2014ஆம் ஆண்டில் இன்டெல்லின் ஹாஸ்வெல் செயலிகளில் டி.எஸ்.எக்ஸ். என்னும் வசதியில் பிழை கண்டபோது, அவ்வசதியையே நுண்நிரலால் அணைத்துவிட்டனர். வன்பொருளை மாற்றினாலன்றித் தீராத பிழை எது, நிரலால் தீர்வது எது என்பதை நிறுவனம் வெளியிடும் பிழை திருத்தப் பட்டியலிலிருந்தே அறியலாம். பணத்தைச் செலவிடுமுன் அப்பட்டியலைப் படிக்கச் செலவிடும் ஒரு மணி நேரம் வீணாகாது.

இத்தனையும் செய்தபின் வேறு பதிப்பு வந்துவிட்டால் என் செய்வது? நம் நாட்டில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, விவரம் கூறி விற்ற பொருள் அவ்விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விளம்பரத்திலோ உடன்பாட்டிலோ கூறிய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கலாகாது என்கின்றன. ஆயினும் சட்டம் "விவரம்" என்னும் சொல்லின் மேல் நிற்பதை நாம் உணர வேண்டும். பதிப்பு விவரத்தில் இடம்பெற்றிருந்தால்தான் சட்டம் நமக்குத் துணை வரும். "கியூ 6600 ஒன்று" என்று மட்டும் கேட்டவருக்குப் பி 3 வந்தால், கேட்ட பொருளே வந்தது என்று கடைக்காரர் சொல்லலாம். குறியீட்டை எழுத்தில் பெற்றவருக்கு வழக்கே எழாது, எழுந்தாலும் வெல்வார்.

கடைக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அவரிடம் சொல்லாத ஒன்றை அவர் அறிந்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பதும், வந்த பெட்டியைத் திறந்து, பொருத்தி, முடுக்கிப் பார்த்தபின் "இது நான் கேட்டதன்று" எனத் திருப்புவதும் நேர்மையாகா. அவ்வாறு திரும்பிய பெட்டி மற்றொருவர் கைக்குப் போய்ச் சேரக்கூடும். தெளிவாகக் கேட்பது வாங்குபவர் கடமை. கேட்டதை நோக்கி அனுப்புவது விற்பவர் கடமை.

பெயர் ஒன்றாய் இருப்பதனாலேயே பொருளும் ஒன்றென்று கொள்ளும் பழக்கம் இன்றும் நம்மை ஏமாற்றி வருகிறது. 2022 ஜனவரியில் வெளியான கோர் ஐ5-12400 செயலியும் சி 0, எச் 0 என இரு வகையாக வந்தது. ஒன்று, பெரிய தகட்டில் சில கருக்களை அணைத்துச் செய்தது. மற்றது, ஆறு கருக்களோடே பிறந்த சிறிய தகடு. பெட்டியின் முகப்பில் உள்ள பெயர் இரண்டுக்கும் பொது. நைஸ்லி தம் கருவி தந்த விடையை ஐயுற்றதனால் அன்றோ உலகம் ஓர் உண்மையை அறிந்தது? அந்த ஐயத்தில் ஒரு சிறு பங்கைப் பெட்டியின் மேலொட்டிய சீட்டுக்கும் நாம் அளித்தால், சேமித்த பணத்துக்கு வேண்டிய பொருள் வந்து சேரும்.